நீலம் வந்துவிட்டால் அம்மோனியா வந்துவிட்டதாகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேதியியலில் முதுகலை முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அறை வெப்பநிலையில், தண்ணீருக்குள், மின்சாரம் கொடுத்து நைட்ரஜன் வாயுவை அம்மோனியாவாக மாற்றும் வினையூக்கி ஒன்றைச் செய்யும்படி வழிகாட்டி சொல்லியிருக்கிறார். செய்து காட்டிவிட்டோம் என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அப்படியென்றால் ஏன் இன்னும் ஒரு தொழிற்சாலைகூட வரவில்லை? இதை நம்பி நாலைந்து வருடம் போடலாமா?

நேரடியாகச் சொல்கிறேன். தண்ணீரில் செய்ததாக வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் கிடைத்த அம்மோனியா உண்மையிலேயே நைட்ரஜன் வாயுவிலிருந்து வந்ததா என்பது நிரூபிக்கப்படவே இல்லை. லித்தியம் வழியாகச் செய்யும் முறை உண்மையானது, பல ஆய்வகங்களில் சோதித்து உறுதி செய்தது, ஆனால் அதற்கு மின்சாரச் செலவு மிக அதிகம். தலைப்பை எடுக்கலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் நடுவில் இருப்பதைப் படிக்காமல் அதற்குப் பதில் சொன்னால் உங்களுக்கு உதவாது.

இதற்கு ஏன் இவ்வளவு பேர் அலைகிறார்கள்? உலகம் வருடத்துக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா செய்கிறது, அதில் பெரும்பகுதி உரமாகப் போகிறது. நம் வயலில் போடும் யூரியாவும் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செய்ததுதான். 1909-இல் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டி, கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோய், 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஓட ஆரம்பித்த அதே முறைதான் இன்றும்: இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி, நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தம். இதில் வருடத்துக்கு 45 கோடி டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தப் புகையில் பெரும்பங்கு, பலரும் நினைப்பதுபோல, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வருவதில்லை. இயற்கை வாயுவையோ நிலக்கரியையோ உடைத்து ஹைட்ரஜன் எடுக்கிறார்களே, அங்கேதான் வருகிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, மின்வேதியியலுக்கு வருவோம். காகிதத்தில் பார்த்தால் அழகாக இருக்கும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு, ஆறு புரோட்டான், ஆறு எலக்ட்ரான், இரண்டு அம்மோனியா. சமநிலை மின்னழுத்தம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு பிரியும் மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே, 0.1 வோல்ட்கூட வித்தியாசம் இல்லாமல் இருக்கிறது. அதாவது வெப்பஇயக்கவியல் தடை எதுவும் போடவில்லை. தடை முழுக்க வேகத்தில்தான். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், அதனால்தான் கஷ்டம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் கார்பன் மோனாக்சைடின் பிணைப்பு 1070 கிலோஜூலுக்கும் மேலே, அது உலோகங்களோடு எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். நைட்ரஜனில் இரண்டு பக்கமும் ஒரே அணு, முனைவுத்தன்மை கிடையாது, வினையூக்கி பிடித்துக்கொள்ள ஒரு பிடியே இல்லை. முதல் ஹைட்ரஜனை அதன்மேல் ஏற்றுவதுதான் பெரும்பாடு, அது ஏறிவிட்டால் மீதி ஓரளவு நடந்துவிடும். அந்த முதல் படியை ஏற்ற நீங்கள் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஹைட்ரஜன் வாயு முந்திக்கொண்டு குமிழ் குமிழாகக் கிளம்பிவிடும், கொடுத்த எலக்ட்ரான் எல்லாம் அதற்கே போய்விடும்.

இதோடு இன்னொரு கணக்கு. 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் நைட்ரஜன் சுமார் 0.65 மில்லிமோல். தண்ணீரோ 55 மோல். ஆக மின்முனைக்குப் பக்கத்தில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைச் சுற்றி 80,000-க்கும் மேலே தண்ணீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. அந்தக் கூட்டத்தில் அந்த ஒன்றை மட்டும் தேடிப்பிடிக்கிற மேற்பரப்பைத்தான் உங்களைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் நொதி அதைச் செய்கிறதே என்பீர்கள். செய்கிறது, ஆனால் ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் குறைந்தது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை வெளியே விட்டு, உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் 16 செலவழித்துத்தான் செய்கிறது. கோடிக்கணக்கான வருடப் பழக்கம் இருக்கும் அதற்கே அந்த விலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒரு சராசரிக் கட்டுரையின் பரிசோதனையை மனதில் வரைந்து பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் கார்பன் துணி, அதன்மேல் புதிதாகச் செய்த வினையூக்கி, 30 மில்லிலிட்டர் மின்பகுளி, இரண்டு மணி நேரம் மின்சாரம். கிடைத்தது மணிக்கு 10 மைக்ரோகிராம் அம்மோனியா என்று போட்டிருப்பார்கள். இரண்டு மணியில் 20 மைக்ரோகிராம், அதை 30 மில்லிலிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் கூட இல்லை. மின்னோட்டமாக மாற்றினால் 0.05 மில்லிஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. தண்ணீரைப் பிரிக்கும் தொழிற்சாலைக் கருவிகள் இதே ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் ஓட்டுகின்றன. இந்த அளவுக்குச் சின்ன எண்ணோடு வேலை செய்யும்போது அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் உங்கள் பரிசோதனையில் பங்கு கேட்கும்.

மனிதனின் மூச்சில் அம்மோனியா இருக்கிறது. ரப்பர் கையுறையில் இருக்கிறது, பக்கத்து மேசையில் யாராவது அம்மோனியா கரைசல் பாட்டிலைத் திறந்தால் காற்றிலும் இருக்கிறது. கலத்தின் இரண்டு பகுதிகளைப் பிரிக்க வைக்கும் நாஃபியான் என்ற பிளாஸ்டிக் படலம் அம்மோனியத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடுத்த பரிசோதனையில் மெதுவாக விடும். லித்தியம் சல்பேட் போன்ற உப்புகளில் நைட்ரேட் கலந்திருக்கும், நைட்ரேட்டுக்கு எலக்ட்ரான் கொடுத்து அம்மோனியாவாக மாற்றுவது நைட்ரஜன் வாயுவை மாற்றுவதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். வினையூக்கியே உலோக நைட்ரைடு என்றால் அது தன்னிடம் உள்ள நைட்ரஜனையே கரைத்து அம்மோனியாவாகக் கொடுத்துவிடும்.

அப்புறம் சிலிண்டர். இதைப் பலர் கவனிப்பதே இல்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன். நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர் நைட்ரஜன் வாயு விட்டால் இரண்டு மணியில் 2.4 லிட்டர், அது ஏறக்குறைய 0.1 மோல். உங்கள் 20 மைக்ரோகிராம் அம்மோனியா என்பது 1.2 மைக்ரோமோல். ஆக அந்த வாயுவில் பத்து லட்சத்தில் 12 பங்கு நைட்ரஜன் ஆக்சைடு இருந்து, அது முழுக்கக் கரைந்து அம்மோனியாவாகிவிட்டால், கட்டுரையில் போட்ட எண் அப்படியே வந்துவிடும், வினையூக்கி எதுவும் செய்யவே வேண்டாம். 99.99 சதவீதச் சுத்தம் என்று சீட்டு ஒட்டிய சிலிண்டரில் மீதி என்பது பத்து லட்சத்தில் 100 பங்கு. அதில் எட்டில் ஒரு பங்கு போதும்.

எனக்கு இது எப்படிப் பட்டது என்று சொல்கிறேன். நான் ஆராய்ச்சி செய்த இடத்தில் இண்டோஃபீனால் முறையில்தான் அளப்போம். சாலிசிலேட் ஊற்றி, ஹைப்போகுளோரைட் ஊற்றி, நைட்ரோபுரூசைடு இரண்டு சொட்டு விட்டு, இருட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் அம்மோனியா இருக்கும் குப்பி மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போய் நீலமாகும், 655 நானோமீட்டரில் படிப்போம். பல வாரம் நல்ல நீலம் வந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் நைட்ரஜனுக்குப் பதில், எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை விட்டு ஓட்டிய குப்பியையும் நைட்ரஜன் குப்பியையும் வெள்ளைத்தாள் முன்னால் சேர்த்து வைத்தேன். எது எது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. மின்சாரமே கொடுக்காமல் மூன்று மணி நேரம் சும்மா வைத்த குப்பிகூட வெளிர்நீலமாக இருந்தது. படலத்தை மாற்றினோம், கண்ணாடிச் சாமான்களை அமிலத்தில் ஊறவைத்தோம், வாயுவின் அசுத்தம் போக அதை முதலில் காரப் பெர்மாங்கனேட்டிலும் பிறகு நீர்த்த கந்தக அமிலத்திலும் குமிழவிட்டு அனுப்பினோம். நீலம் படிப்படியாக வெளுத்து, கடைசியில் எல்லாக் குப்பியும் ஒரே மஞ்சளாக நின்றது. அந்த மஞ்சள்தான் உண்மையான முடிவு. அதை எழுதி அனுப்பினால் யார் போடுவார்கள் என்ற கேள்விதான் அன்றைக்கு எல்லோர் மனதிலும் இருந்தது, அந்த வேலை அச்சில் வரவே இல்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான், ஏனென்றால் அதே வினையூக்கி வகையைப் பிறகு வேறு பலர் நீலக் குப்பியோடு வெளியிட்டார்கள்.

2019-இல் இதற்கு ஒரு தெளிவு வந்தது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இப் கோர்கெண்டார்ஃப் குழுவும் ஸ்டான்ஃபோர்ட், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். அதன்படி, மிகவும் நம்பிக்கை அளித்த தூய உலோக வினையூக்கிகளைத் தண்ணீரில் சோதித்தபோது அம்மோனியா எதுவும் உருவாகவில்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் லித்தியத்தைப் படியவைத்துச் செய்யும் முறையில் மட்டும் உண்மையான அம்மோனியா வந்தது, அளந்தும் காட்டினார்கள். அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, தவறான முடிவுகள் எங்கிருந்தெல்லாம் வருகின்றன என்று வகைப்படுத்தி எழுதியது. உருகிய ஹைட்ராக்சைடில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை வைத்து அம்மோனியா செய்ததாக 2014-இல் சயின்ஸ் இதழில் வந்து பெரிய பேச்சாக இருந்த கட்டுரை 2020-இல் திரும்பப் பெறப்பட்டது.

அந்தச் சோதனை முறையின் உயிர் நைட்ரஜன்-15, அதாவது சாதாரண நைட்ரஜனைவிட (நைட்ரஜன்-14) சற்றுக் கனமான நைட்ரஜன். சாதாரண நைட்ரஜனுக்குப் பதில் இந்த ஐசோடோப்பு வாயுவை விட்டு ஓட்டி, கிடைத்த கரைசலை என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில்) பார்த்தால் நைட்ரஜன்-14 அம்மோனியம் மூன்று கோடாகத் தெரியும், நைட்ரஜன்-15 அம்மோனியம் இரண்டு கோடாகத் தெரியும். இரண்டு கோடு என்றால் அம்மோனியா அறையின் அசுத்தத்திலிருந்து அல்ல, சிலிண்டரிலிருந்து வந்திருக்கிறது. ஆனால் இரண்டு கோடு தெரிந்துவிட்டது, முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். நைட்ரஜன்-15 சிலிண்டரிலேயே நைட்ரஜன்-15 அம்மோனியாவும் அதே ஐசோடோப்பின் ஆக்சைடுகளும் கலந்து வருவதை 2014-லேயே கண்டு சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த வாயுவையும் சுத்தம் செய்ய வேண்டும், அளவும் நேரத்தோடு ஏறிக்கொண்டே போக வேண்டும், நைட்ரஜன்-14 வைத்து வந்த அளவும் 15 வைத்து வந்த அளவும் பொருந்த வேண்டும். வாயு விலை அதிகம் என்று ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு ஒரு படம் போடுவது நிரூபணம் ஆகாது.

இந்த ஒழுங்கு புதிதும் இல்லை. 1806-07 வாக்கில் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி தண்ணீரை மின்னாற்பகுத்தபோது எதிர்முனையில் காரமும் நேர்முனையில் அமிலமும் சேர்வதைப் பார்த்தார். சுத்தமான தண்ணீரில் இவை எங்கிருந்து வருகின்றன? கண்ணாடியிலிருந்தா என்று சந்தேகப்பட்டு அகேட் கல் கிண்ணத்துக்கு மாறினார், அதுவும் போதாதென்று தங்கப் பாத்திரத்துக்குப் போனார். பாத்திரத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வரும் அசுத்தங்களைக் கழித்த பிறகும் கொஞ்சம் அம்மோனியா மிஞ்சியது. தண்ணீரில் கரைந்த காற்றின் நைட்ரஜன்தான் காரணம் என்று யோசித்து, காற்றை வெளியேற்றி ஹைட்ரஜன் நிரப்பிய கலத்தில் திரும்பச் செய்தார், அப்போது அது வரவில்லை. நாம் ஆர்கான் வைத்துச் செய்யும் அதே ஒப்பீட்டைத்தான் அவர் 200 வருடத்துக்கு முன்னால் ஹைட்ரஜன் வைத்துச் செய்திருக்கிறார். டேவியின் அந்தப் பிடிவாதம்தான் இந்தத் துறைக்கு இன்றைக்கு வேண்டியது என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, லித்தியம் முறை எப்படி வேலை செய்கிறது? அறை வெப்பநிலையில் நைட்ரஜனோடு தானாகவே வினைபுரியும் ஒரே கார உலோகம் லித்தியம். கரைப்பானில் உள்ள லித்தியம் அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாகப் படியவைக்கிறோம், அது நைட்ரஜனை இழுத்து லித்தியம் நைட்ரைடு ஆகிறது, எத்தனால் போன்ற ஒன்று புரோட்டான் கொடுத்ததும் அம்மோனியா வெளியே வந்து லித்தியம் திரும்பக் கரைசலுக்குப் போய்விடுகிறது. 1930-லேயே இதன் முதல் வடிவம் வந்துவிட்டது, 1993-94-இல் ஜப்பானில் சுநேடோ, குடோ, சகாதா மூவரும் ஒழுங்காகச் செய்தார்கள், பிறகு கால் நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2019-க்குப் பிறகு வேகம் பிடித்தது. 2021-இல் மோனாஷ் குழு, எத்தனாலுக்குப் பதில் பாஸ்ஃபோனியம் உப்பைப் புரோட்டான் சுமக்க வைத்து, கொடுத்த மின்சாரத்தில் 69 சதவீதம் அம்மோனியாவுக்கே போகும்படி செய்தது. அதே வருடம் டென்மார்க் குழு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தால் நிலைமை மேம்படும் என்று காட்டியது. ஆக்சிஜன் நஞ்சு என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் இது பெரிய ஆச்சரியம். லித்தியத்தின் மேல் படியும் மெல்லிய அடுக்கின் தன்மையை அது மாற்றிவிடுகிறது. 2022-இல் உப்பை மாற்றி மோனாஷ் குழு கிட்டத்தட்ட 100 சதவீதத்துக்குப் போய்விட்டது.

பழைய கலங்களில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எதிர்முனையில் லித்தியம் படிய, நேர்முனையில் கரைப்பானே ஆக்சிஜனேற்றம் அடைந்து அழிந்துகொண்டிருந்தது. 2023-இல் டென்மார்க் குழு தொடர் ஓட்டக் கலம் ஒன்றைச் செய்து, நேர்முனையில் பிளாட்டினம்-தங்கக் கலவையில் ஹைட்ரஜன் வாயுவை ஆக்சிஜனேற்றம் செய்ய வைத்தது, 25 சதுர சென்டிமீட்டர் மின்முனையில், சாதாரண அழுத்தத்தில், மின்சாரத்தில் 61 சதவீதம் அம்மோனியாவுக்குப் போனது. 2024-இல் கரைப்பானை மாற்றி 300 மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு மணி நேரப் பரிசோதனைகளைப் படித்துப் படித்துச் சலித்த எனக்கு அந்த 300 மணி நேரம் மிகவும் மகிழ்ச்சி தந்தது.

ஆனால் மின்சாரக் கணக்கு கசக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ அம்மோனியாவுக்கு மூன்று எலக்ட்ரான் வீதம் கணக்குப் போட்டால் சுமார் 4,720 ஆம்பியர்-மணி மின்னூட்டம் வேண்டும், ஒரு எலக்ட்ரான்கூட வீணாகாவிட்டாலும். லித்தியத்தைப் படியவைக்கவே ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் 3 வோல்ட் வேண்டும், பெருக்கினால் 14 யூனிட். நேர்முனைக்குக் கொடுக்கும் ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுக்க இன்னும் 9 யூனிட் வாக்கில். ஆக எல்லாமே கச்சிதமாக நடந்தால் 23 யூனிட், நிஜக் கலத்தில் இன்னும் கூடும். இந்த 3 வோல்ட் என்பது லித்தியத்தின் பிறவிக் குணம், வினையூக்கியை மாற்றி அதைக் குறைக்க முடியாது. கால்சியம் வைத்தும் இதேபோல் அம்மோனியா வருகிறது என்று 2023-இல் காட்டினார்கள், அதன் மின்னழுத்தமும் லித்தியத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை.

இதற்குப் போட்டி யார் தெரியுமா? மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைப் பழைய ஹேபர்-பாஷ் உலையிலேயே விடுவது. கிலோவுக்கு 10 யூனிட் வாக்கில் முடிந்துவிடும். புகையின் பெரும்பங்கு ஹைட்ரஜன் எடுக்கும் இடத்தில்தான் என்று மேலே சொன்னேனே, இந்த வழி அந்த இடத்தை மட்டும் மாற்றுகிறது. இது புதிதும் கிடையாது. நார்வேயின் ரியூகானில், வெமார்க் நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தில் 1929 முதல் இப்படித்தான் அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் எடுத்தார்கள். நம் நாட்டிலும் பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணை மின்சாரத்தை வைத்து 1960-களின் தொடக்கத்தில் உரத் தொழிற்சாலை இதே முறையில் ஓடியது, அதன் துணையாகத்தான் 1962-இல் அங்கே கனநீர் ஆலையும் வந்தது. இயற்கை வாயு மலிவானதும் உலகம் முழுக்க இந்த வழி ஒதுங்கியது, இப்போது சூரிய மின்சாரம் மலிவானதால் திரும்பி வருகிறது. அம்மோனியாவைக் கரியில்லாமல் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் இன்றைக்குக் கையில் இருக்கும் வழி இதுதான், நேரடி மின்வேதியியல் இதோடு மோதி ஜெயிக்க வேண்டும்.

அப்படியென்றால் நேரடி வழிக்கு என்ன இடம்? ஹேபர்-பாஷ் உலையைச் சின்னதாகக் கட்டினால் கட்டுப்படியாகாது, அடிக்கடி நிறுத்தி ஓட்டவும் சிரமம். வெயில் இருக்கும்போது மட்டும் ஓடும், துறைமுகத்துக்கும் குழாய்க்கும் தூரமான ஊரில் அந்த ஊருக்கு வேண்டிய அளவு மட்டும் செய்யும் சின்னப் பெட்டி என்றால் மின்வேதியியலுக்கு நியாயமான இடம் உண்டு. மோனாஷிலிருந்து கிளம்பிய ஜூபிடர் அயானிக்ஸ் என்ற நிறுவனம் லித்தியம் முறையை வைத்து அந்தத் திசையில்தான் போகிறது.

இனி உங்கள் தலைப்பு. தண்ணீரில், நைட்ரஜன் வாயுவிலிருந்து, புது நானோ வினையூக்கி என்ற வடிவத்திலேயே எடுக்க வேண்டாம் என்பேன். வழிகாட்டியிடம் பேசி மூன்றில் ஒரு பக்கம் திருப்பப் பாருங்கள். காற்றும் ஈரமும் புகாத உலர்பெட்டி வசதி இருந்தால் லித்தியம் முறை, அதில் அந்த மேலடுக்கின் வேதியியல் இன்னும் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை, நல்ல வேலைக்கு நிறைய இடம் இருக்கிறது. அந்த வசதி இல்லையென்றால் கழிவுநீரில் இருக்கும் நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்றுவது. அது வேறு பிரச்சினை, காற்றிலிருந்து உரம் என்ற கனவை நிறைவேற்றாது, ஆனால் கிடைக்கும் அளவு பெரிது, அளப்பதில் ஏமாற்றம் குறைவு, நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறிய ஊர்களுக்குப் பயனும் உண்டு. மூன்றாவதாக, தண்ணீரில்தான் செய்தாக வேண்டும் என்று வழிகாட்டி உறுதியாக இருந்தால், அளவீட்டையே ஆராய்ச்சியாக எடுங்கள், எந்த அசுத்தம் எவ்வளவு தருகிறது என்று எண்ணோடு சொல்லும் வேலை.

எதை எடுத்தாலும் முதல் மாதம் வினையூக்கி செய்யாதீர்கள். வெறும் கார்பன் துணியை வைத்து, ஆர்கானில் பத்து தடவை, நைட்ரஜனில் பத்து தடவை, மின்சாரமே இல்லாமல் பத்து தடவை ஓட்டி, முப்பது குப்பியின் எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். புதுப் படலம், பழைய படலம், வாயுவைச் சுத்தம் செய்தது, செய்யாதது என்று தனித்தனி நிறத்தில் குறியுங்கள். அந்த ஒரு தாளை வழிகாட்டி மேசையில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.